இரண்டு பிறைகளுக்கு நடுவில் நின்றவர்

ரமளான் இரவுகளில் தொழுகைக் கூடத்தில் அவரைத் தேடி வருகிறவர்கள் முன்னால் போய்ப் பார்ப்பதில்லை. நேரே கதவோரம் போவார்கள். கழற்றிப்போட்ட செருப்புகளுக்கும் கடைசி வரிசைக்கும் இடையில், சட்டைப்பையில் போன் துடித்தால் ஓசைப்படாமல் நழுவத் தோதான இடமாகப் பார்த்து நின்றுகொண்டிருப்பார். அதனால் அவருக்குக் ‘கடைசி வரிசை’ என்றே பெயராகிவிட்டது. முன்னால் நிற்கிறவர்களைவிட அவருக்கு ஈடுபாடு கொஞ்சம் மட்டு என்று நினைத்தவர்களும் உண்டு. உண்மையில் அவர் லிப்ட் மெக்கானிக். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பிழைப்புக்காக வெளிநாட்டுக்கு வந்து பல வருடம் ஆகியிருந்தது. பகலில் பராமரிப்பு வேலை. இரவில் அவசர அழைப்பு. மக்கள் லிப்டுக்குள் மாட்டிக்கொள்வதற்கென்று ஒரு நேரம் வைத்திருந்தார்கள், அது பெரும்பாலும் இரவு வேளையின் இஷாத் தொழுகை முடிந்து தராவீஹ் தொடங்கிய பிறகுதான் வரும்.

தராவீஹ் என்பது ரமளான் மாதம் முழுக்க ஒவ்வோர் இரவும் தொழுகிற நீண்ட தொழுகை. குர்ஆனை மனப்பாடமாக வைத்திருக்கும் ஹாஃபிழ் ஒருவர் முன்னால் நின்று இரவுக்கு ஒரு பாகமாக ஓதிக்கொண்டே வருவார். மாதக் கடைசியில் முழுதும் முடியும். அதற்குத் தமாம் என்று பெயர். பின்னால் நிற்கிறவர் ஓர் இரவும் விடாமல் நின்றால் முழுக் குர்ஆனையும் நின்று கேட்டவராகிறார். விட்டால் நடுவில் ஓர் ஓட்டை. ஓட்டை விழுந்தால் பாவம் ஒன்றுமில்லை, யாரும் வந்து ஏன் என்று கேட்கப்போவதுமில்லை. இப்படி யாரும் கேட்காத காரியங்களில்தான் அவர் கறாராக இருந்தார். ஆனாலும் வந்த வருடத்திலிருந்து ஒருமுறைகூட அவருடைய குர்ஆன் ஓட்டையில்லாமல் முடிந்ததில்லை.

இது தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. ஊரில் அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து தொழுகிற வீட்டில் அந்தம்மாள் வருடாவருடம் முழுதாக முடித்துவிடுவார். நோன்பு முடிந்த பெருநாளன்று போனில் வாழ்த்துச் சொல்லிவிட்டு அடுத்த கேள்வியாகக் கேட்பார். “அப்புறம், இந்த வருஷம் எத்தனை ஓட்டை?” வீட்டைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, மாமியாருக்கு மருந்து கொடுத்து, அதற்கு மேலும் நின்று முடிக்கிற ஒருத்தியிடம் லிப்ட் நின்றுவிட்டது என்று சொல்வது எந்தக் கணவனுக்கும் கஷ்டம்தான்.

அந்த வருடம் நோன்புக்கு முன்பே அறிவித்துவிட்டார், இந்த முறை முழுசாக முடிக்கப்போவதாக. மனைவி “பாக்கலாம்” என்றார். கல்யாணமாகி இவ்வளவு காலம் ஆனபின் மனைவி சொல்லும் பாக்கலாமுக்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியாதா?

காரியத்தில் இறங்கினார். உடன் வேலை பார்க்கிற இன்னொரு மெக்கானிக்கிடம் ஒப்பந்தம் பேசினார். அந்த மனிதர் வேறு மதத்துக்காரர், இரவில் விழித்திருக்க அஞ்சாதவர், விடுமுறை நாளில் எழுந்திருக்க மட்டும் உயிர் போகிற மாதிரி சலித்துக்கொள்கிறவர். ரமளான் முழுக்க இரவு அழைப்புகள் அவருடையவை. பதிலுக்கு அந்த வருடம் தீரும்வரை விடுமுறை நாள் அழைப்புகள் இவருடையவை. இதில் யாருக்கு லாபம் என்று இருவருமே தனித்தனியாக நினைத்துச் சிரித்துக்கொண்டார்கள். நல்ல ஒப்பந்தத்துக்கு வேறென்ன அடையாளம் வேண்டும்?

இனி, மாதம் எப்போது தொடங்குகிறது என்று சொல்லும் பிறை விவகாரம். அந்த ஊரில் நம்மவர்களுக்கு இரண்டு தொழுகைக் கூடங்கள். ஒன்று, இரவுக்கு வாடகைக்கு எடுத்த பேட்மிண்டன் அரங்கம். தொழுகிற திசையும் ஆட்டக் கோடுகளும் ஒத்துப்போகாது. புதிதாக வருகிறவர் கோட்டைப் பார்த்து நின்றுவிட்டு, மற்றவர்கள் எல்லாரும் கோணலாக நிற்கிறார்களே என்று வருத்தப்படுவார். இன்னொன்று, டயர் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை. உலகத்தில் எங்கே பிறை தெரிந்தாலும் எல்லாருக்கும் அதுதான் பிறை என்பது பேட்மிண்டன்காரர்கள் கட்சி. நம் கண்ணுக்கு நம் வானத்தில் தெரியவேண்டும் என்பது டயர்காரர்கள் கட்சி. இதனால் பல வருடம் ஒரு கூட்டம் ஒரு நாள் முந்தியும் மற்றது ஒரு நாள் பிந்தியும் நோன்பைத் தொடங்கும். ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, ஒரே அறையில் தூங்கி, ஒரே பற்பசையைப் பகிர்ந்துகொள்கிறவர்களுக்கு நடுவில் ஒரு முழு நாள் பிளந்து கிடக்கும்.

நம் மெக்கானிக் பேட்மிண்டன் கட்சியின் தீவிரமான ஆள். அறையில் கூட இருந்தவரோ டயர் கட்சி. அவர் ஒரு கேண்டீனில் சமையல் மாஸ்டர். இருவருக்கும் இது பற்றி வருடாவருடம் வாக்குவாதம் உண்டு. அந்த வருடமும் நடந்தது.

“ஒரு கட்டடத்துல எத்தனை மாடி இருந்தாலும் மோட்டார் ஒண்ணுதான் மாஸ்டர்,” என்றார் மெக்கானிக். “மாடிக்கு ஒரு மோட்டாரா வெப்பாங்க?”

மாஸ்டர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. “மோட்டார் ஒண்ணுதான் பாய், யாரு இல்லேன்னா? லிப்ட் உங்க மாடிக்கு வந்து நின்னாத்தானே உங்க கதவு தொறக்கும்?”

தன் தொழிலை வைத்தே தன்னை மடக்கியதை மெக்கானிக் சில நாள் மறக்கவில்லை. வெளியே இன்னும் உரக்கப் பேசினார். டயர்காரர்கள் வானத்தைப் பார்க்கிறார்களா, மேகத்தை எண்ணுகிறார்களா என்று பேட்மிண்டன் அரங்க வாசலில் பத்துப் பேர் சிரிக்கும்படி கேட்டார். அது மாஸ்டர் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. மெக்கானிக்கின் முதல் நோன்பன்று, தனக்கு நோன்பு தொடங்காத மாஸ்டர், அறையில் உட்கார்ந்து காலைச் சாப்பாட்டை வழக்கத்தைவிட நிதானமாக மென்று தின்றார்.

தராவீஹ் தொடங்கியது. ‘கடைசி வரிசை’ முன் வரிசையில் போய் நின்றார். பக்கத்தில் நின்ற கூடத்துச் செயலாளர், இடம் மாறி நிற்கிறீர்களோ என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். முன் வரிசையில் ஹாஃபிழின் குரல் வேறுமாதிரி இருந்தது. கதவோரத்தில் அது மின்விசிறிச் சத்தத்தோடு கலந்து வரும். இங்கே அவர் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. பகல் முழுக்க லிப்ட் குழிக்குள் குந்தியிருந்த முழங்கால்கள் முனகும், இவர் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. இரவுக்கு ஒரு பாகமாகப் போய்க்கொண்டிருந்தது. மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மாதத்தின் நடுப்பகுதி நெருங்கியபோது, ஒரு மாலை அரங்க வாசலில் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஜோடி மெக்கானிக்கிடமிருந்து போன். ஊரின் அடுத்த கோடியில் ஓர் ஆஸ்பத்திரி லிப்டைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறார், விட்டுவிட்டு வரமுடியாது. இந்தப் பக்கம் ஒரு குடியிருப்பில் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது.

“உங்களால முடியாதுன்னா சொல்லுங்க பாய், ஆபீஸ்ல சொல்லி வேற யாரையாவது அனுப்பச் சொல்றேன். வர நேரமாகும். பரவாயில்ல,” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “உள்ள கைக்குழந்தை இருக்காம்,” என்றார்.

மெக்கானிக் காலுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

போய்ப் பார்த்தால் விஷயம் இது. ஒருவர் புதிதாக வாங்கிய சலவை இயந்திரத்தை, சாமான் ஏற்றும் லிப்டைக் கேட்கச் சோம்பல்பட்டு, ஆட்கள் போகிற லிப்டில் ஏற்றியிருக்கிறார். ஒரு கையில் குழந்தை. மேலே போகும்போது இயந்திரம் சரிந்து கதவை அழுத்த, கதவு விரலளவு விலகி, லிப்ட் தன் பாதுகாப்பு விதிப்படி அங்கேயே நின்றுவிட்டது. இயந்திரத்துக்குப் பின்னால் அவர், அவர் தோளில் அழுது களைத்துத் தூங்கிவிட்ட குழந்தை. மெக்கானிக் உச்சி மாடிக்கு ஏறி, மின்சாரத்தைத் துண்டித்து, காவல்காரரைப் பிரேக் நெம்புகோலைப் பிடிக்கச் சொல்லி, கைச்சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி லிப்டை ஒரு தளத்துக்கு இறக்கினார். காவல்காரர் சொன்னபோதெல்லாம் விட்டார், சொல்லாதபோதும் விட்டார். அதனால் நேரமாயிற்று. கதவு திறந்ததும் இயந்திரத்தின் சொந்தக்காரர் முதலில் கேட்டது, இதில் கீறல் விழுந்திருக்குமா என்பதுதான். மெக்கானிக் குழந்தையை வாங்கி, வெளியே காத்துக்கிடந்த அதன் தாயிடம் கொடுத்தார். தாய் ஏன் இவ்வளவு தாமதம் என்று திட்டினார். திட்டியது நியாயம் என்றுதான் இவருக்கும் பட்டது.

அரங்கத்துக்குத் திரும்பியபோது விளக்கை அணைத்திருந்தார்கள். பாய்களைச் சுருட்டிவிட்டு வலையைக் கட்டியிருந்தார்கள். அன்று ஓதியது யூசுஃப் நபியின் வரலாறு, அண்ணன்மார் கிணற்றில் போட்டுவிட்டுப் போக, வழிப்போக்கர்கள் தூக்கியெடுத்து வெளியூரில் விற்றவர். ஹாஃபிழ் அற்புதமாக ஓதினார், பலர் அழுதார்கள் என்று பார்த்த ஆளெல்லாம் சொன்னார்கள். நல்ல சாப்பாட்டைத் தவறவிட்டவனிடம் அதன் ருசியை விவரிப்பதில் மனிதர்களுக்கு இருக்கும் ஆர்வம் தனி.

மறுநாள் ஆறுதல்கள் வந்தன. ஒரு குழந்தையைக் காப்பாற்றியவருக்கு அதைவிட நன்மை உண்டு என்றார் ஹாஃபிழ். எண்ணத்துக்குக் கூலி உண்டு என்றும் சொன்னார். மெக்கானிக் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். எண்ணம் மட்டும் இருந்தால் லிப்ட் மேலே போவதில்லை என்பது அவர் அனுபவம். செயலாளர், ஓதியது பதிவாகியிருக்கிறது, போனுக்கு அனுப்புகிறேன், படுத்துக்கொண்டு கேளுங்கள் என்றார். கேட்டால் ஓட்டை அடையாது, அதன்மேல் காகிதம் ஒட்டினதாகத்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று பிற்பகல் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். மாஸ்டர் கேண்டீனில் மதிய வேலை முடிந்து வந்து படுத்திருந்தார். மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்துவிட்டு, தானாகவே பேச்சைத் தொடங்கினார்.

“அங்க கிணத்துல கிடந்தவரைத் தூக்கற நேரத்துல, நீங்க இங்க ஒருத்தரைத் தூக்கிட்டு இருந்திருக்கீங்க. கணக்கு சரியாப் போச்சு பாய்.”

“அவரு கையில வாஷிங் மெஷின் இல்ல மாஸ்டர்.”

மாஸ்டர் சிரித்தார். சிரிப்பு அடங்கி, புரண்டு படுத்தபின்தான் அந்தச் சின்ன உண்மை மெக்கானிக்கின் மூளையில் வந்து உறைத்தது. டயர்காரர்கள் ஒரு நாள் பிந்தி. நேற்று பேட்மிண்டனில் ஓதியதை அவர்கள் இன்று இரவுதான் ஓதுவார்கள்.

எழுந்து மாஸ்டரை உலுக்கினார். நேற்று உங்கள் ஹாஃபிழ் எங்கே முடித்தார் என்று கேட்டார்.

“எல்லாத் தொழுகையும் மாதிரி ஸலாம் கொடுத்து முடிச்சாரு.”

“எந்த இடத்துல மாஸ்டர்?”

“டயர் கடை மாடியிலதான்.”

நின்றுகொண்டே தூங்கும் கலை மாஸ்டருக்குத் தெரியும் என்பது எல்லாரும் அறிந்ததே. கடைசியில் டயர்க் கூடத்து ஹாஃபிழுக்கே போன் போட்டார்கள். பகலில் அவர் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவர். ஏதோ ஒரு வாசலில் நின்றபடி பேசினார். மெக்கானிக் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் கதவு மணி அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஹாஃபிழ் சொன்னார், “இன்னும் கிணத்துல விழல பாய். இன்னிக்கு ராத்திரிதான். வந்துடுங்க.”

போனை வைத்துவிட்டு மெக்கானிக் யோசித்தார். இன்று ஓர் இரவு போய்வருவதில் பயனில்லை. இன்று அங்கே நின்றால் இன்று பேட்மிண்டனில் ஓதுவது போய்விடும், ஓர் ஓட்டையை அடைக்க இன்னொன்று. போனால் மாதம் முடியும்வரை போகவேண்டும். மேகத்தை எண்ணுகிறார்கள் என்று யாரைச் சொல்லி வாசலில் சிரித்தாரோ அவர்களோடு, அவர்கள் பார்க்க, ஒவ்வோர் இரவும்.

“மாஸ்டர், நான் மேகத்தைப் பத்தி ஒண்ணு சொல்லியிருந்தேன்.”

“காதுல விழுந்துச்சு.”

“தப்புதான்.”

“பிறையா?”

“பேச்சு,” என்றார் மெக்கானிக். “பிறை சரிதான்.”

மாஸ்டர் இதைக் கொஞ்சம் எடைபோட்டுப் பார்த்தார். பிறகு, சீக்கிரம் கிளம்பவேண்டும், அங்கே மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிப்பது பெரும்பாடு என்றார். மன்னிப்பு முடிந்துவிட்டது.

டயர் கடை மாடியில் புது ரப்பர் வாசனை. சுவர்கள் பகல் சூட்டை இரவுவரை சேமித்து வைத்திருந்தன. ஹாஃபிழ் பார்சல் தூக்கிய தோள்களோடு நிதானமாக ஓதினார். பேட்மிண்டன் ஹாஃபிழைப்போல் உருகவில்லை, ஒவ்வொரு சொல்லையும் அதனதன் விலாசத்தில் இறக்கிவைத்துவிட்டுப் போனார். மெக்கானிக்குக் கால் மரத்தது, வியர்வை முதுகில் இறங்கியது. தவறவிட்டது ஒவ்வொரு வசனமாகத் தன்னிடம் வந்து சேர்ந்ததைக் கேட்டபடி நின்றார். அரபுமொழி தெரிந்தவரல்ல, கதை தெரிந்தவர். ஊரைவிட்டு வெளியூரில் விற்கப்பட்டு, அங்கேயே ஆளானவர் கதை.

தொழுகை முடிந்ததும் கூடத்துப் பொறுப்பாளர் எழுந்து, ஒரு சகோதரர் சரியான பக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார் என்று பூரிப்போடு அறிவித்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக் எழுந்து நின்றார். “என் பிறை அங்கதான். காது மட்டும் இங்க,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பொறுப்பாளருக்கு இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.

பேட்மிண்டன் செயலாளருக்கும் தெரியவில்லை. மறுநாளே போன் செய்தார்.

“நீங்களே அங்க போய் நின்னா அவங்க பிறைதான் சரின்னு ஆயிடும் பாய்.”

“நான் பிறை பாக்கப் போகல. விட்டதைக் கேக்கப் போறேன்.”

“அதுக்கு மாசம் பூராவுமா?”

“தொடர்ச்சி வேணுமில்ல பாய்.”

செயலாளர் நீண்ட பெருமூச்சு விட்டார். அதன்பின் இரு பக்கத்தாரும் அவரை ஒரு கொடியாக்கி, ஒருவர் ஏற்றவும் மற்றவர் இறக்கவும் முயன்றார்கள். பகல் நோன்பை அவர் பேட்மிண்டன் கணக்கில் வைத்தார், இரவுத் தொழுகையை டயர் கணக்கில் நின்றார். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் கேட்பவர் முகத்தைப் பார்த்துச் சும்மா புன்னகைக்கக் கற்றுக்கொண்டார். விடுமுறை நாட்களில் ஒப்பந்தப்படி வேலைக்குப் போனார். ஒருநாள் குழிக்குள் இறங்கியவர் அசதியில் அங்கேயே சாய்ந்துவிட்டார். அன்று இரவும் வந்து நின்றார்.

பேட்மிண்டனில் தமாம் நடந்த இரவில் இவர் டயர் கடை மாடியில் இருந்தார். செயலாளர் இவருக்கென்று ஓர் இனிப்புப் பொட்டலம் எடுத்துவைத்துக் கொடுத்தனுப்பினார். கொள்கை வேறு, இனிப்பு வேறு என்ற அளவுக்கு அவர் பெரிய மனிதர்.

மறுநாள் மாலை, எங்கோ ஒரு நாட்டில் பிறை தெரிந்துவிட்டது என்று செய்தி வந்தது. பேட்மிண்டன்காரர்களுக்கு நாளை பெருநாள். டயர்காரர்களுக்கு இன்னும் நோன்பு மிச்சம், அன்று இரவுதான் அவர்களுடைய தமாம். மெக்கானிக்கின் போனில் வாழ்த்துகள் கொட்டின. அவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு மாஸ்டரோடு கிளம்பினார். வழியில் மனைவி கூப்பிட்டார்.

“உங்களுக்கு நாளைக்குப் பெருநாளா, நோன்பா?”

“பெருநாள்.”

“அப்ப இப்ப எங்க போறீங்க?”

“தராவீஹ் தொழ.”

பெருநாள் இரவில் தராவீஹ் தொழப் போகும் கணவனை என்னவென்று கேட்பது? சரி, போய் வாருங்கள் என்று மட்டும் மனைவி சொன்னார்.

கூடத்து வாசலில் ஹாஃபிழிடம் இதுபற்றிக் கேட்டார். எந்த இரவிலும் எழுந்து தொழலாம், அதற்குத் தடையில்லை என்றார் ஹாஃபிழ். “நாளைக்கு நோன்பு மட்டும் வெச்சுடாதீங்க. உங்களுக்குப் பெருநாள். சாப்பிடுங்க.”

கடைசிப் பாகம் சின்னச் சின்ன அத்தியாயங்கள். பெரும்பாலும் அவரே மனப்பாடமாக அறிந்தவை, தினமும் தன் தொழுகையில் ஓதுகிறவை. கிட்டே வரவர அவருக்கு ஒரு பதற்றம் வந்தது. இப்போது தீ அலாரம் அடிக்கலாம், மின்சாரம் போகலாம், தன் கால்களே மடங்கலாம். ஒன்றும் நடக்கவில்லை. கடைசி அத்தியாயம் முடிந்தது. ஹாஃபிழ் குனிந்து நிமிர்ந்து தொழுகையின் அடுத்த சுற்றான ரக்அத்துக்கு எழுந்தார். இனி என்ன ஓதுவார், எல்லாம்தான் தீர்ந்துவிட்டதே என்று மெக்கானிக் நினைத்தார். ஹாஃபிழ் மூச்சு எடுத்து, குர்ஆனின் முதல் பக்கத்திலிருந்து ஓதத் தொடங்கினார்.

முடித்த கையோடு தொடங்கிவைப்பது வழக்கம். முன் வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். கடைசி இரவில் முழுதாக நின்றறியாத அவருக்குத்தான் தெரியாது. இத்தனை வருடமும் தொடக்கத்தை மட்டும் கேட்டவர், அதே தொடக்கத்தை முடிவுக்குப் பின்னால் கேட்டபோது, அது இதுவரை கேட்ட தொடக்கமாக இல்லை. தோளோடு தோள் ஒட்டி நின்ற மாஸ்டர் அன்று தூங்கவில்லை. பக்கத்துத் தோள் குலுங்கியதால் தூக்கம் வரவில்லை என்று பிறகு சொன்னார்.

எல்லாரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். பொறுப்பாளர் வந்து, நாளை உங்களுக்குப் பெருநாள் வாழ்த்து, நாளைக்கு மறுநாளோ அதற்கு அடுத்தோ எங்களுக்கு நீங்கள் சொல்லுங்கள் என்றார். மெக்கானிக் படிக்கட்டுக்கு வந்து போனை எடுத்தார். மனைவி உடனே எடுத்துவிட்டார், போனைக் கையிலேயே வைத்திருந்திருக்கவேண்டும்.

“முழுசா முடிச்சுட்டேன்,” என்றார்.

மனைவி ஒரு நொடி அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். “அழறீங்களா?”

“இல்ல. மாடிப்படி. மூச்சு வாங்குது.”

“ஏறறீங்களா, இறங்கறீங்களா?”

“இறங்கறேன்.”

“இறங்கும்போதா மூச்சு வாங்கும்?”

லைன் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.